சிஸ்டத்துல இருக்கற பைத்தானை கலைக்காம நாமளே சோர்ஸ் கோடுலேர்ந்து பில்ட் பண்ணின இன்னொரு பைத்தானை ஓட்ட முடியுமா?

தாராளமா முடியும், லினக்ஸ்ல கன்ஃபிகர் பண்றப்பவே (பில்டுக்கு முன்னாடி செட்டிங்ஸ் குடுக்கற ஸ்டெப்) எங்க இன்ஸ்டால் ஆகணும்னு சொல்ல ப்ரீஃபிக்ஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு பாருங்க, அதுல ஹோம் டைரக்டரிக்குள்ள ஒரு தனி ஃபோல்டரைக் குடுத்துடுங்க, குடுக்கலேன்னா அது யூஎஸ்ஆர் லோக்கல்ங்கற பொது ஃபோல்டர்ல போய் உக்காந்துக்கும், பாத்-ல (கமாண்டை எந்தெந்த ஃபோல்டர்ல தேடணும்ங்கற லிஸ்ட்) அந்த இடம் பெரும்பாலும் முன்னாடி வர்றதால வழக்கமான மேக் இன்ஸ்டால் குடுத்திருந்தா வெறும் பைத்தான்3னு அடிச்சாலே உங்க பில்டுதான் ஓடும்.

இன்னொண்ணு, பில்ட் ஆனதை இன்ஸ்டால் பண்ண அந்த மேக் இன்ஸ்டால் கமாண்ட் வேணாம், மேக் ஆல்ட்இன்ஸ்டால் குடுங்க. அது பைத்தான்3.12 மாதிரி நம்பரோட இருக்கற பேர்ல மட்டும் போடும், பைத்தான்3ங்கற பேரைத் தொடாது. சிஸ்டம் டூல்ஸ் நிறைய அந்தப் பேரை நம்பித்தான் ஓடுது, நான் ஒருதடவை அதை மாத்திட்டு டெர்மினலே திறக்காம முழிச்சேன் (சிரிக்காதீங்க).

பேக்கேஜ் போடறதுக்கு புது பைத்தான்ல ஒரு வென்வ் (பேக்கேஜ்களுக்கான தனி இடம்) உருவாக்கிக்கோங்க, பழசோட லைப்ரரி கலக்காது. இந்த பில்டே வேண்டாம்னா ப்ரீஃபிக்ஸ்ல குடுத்த தனி ஃபோல்டரை அழிச்சுட்டா போச்சு.