உரச் சீட்டு எழுதிய கவிஞர்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: மழைக்கும் காற்றுக்கும் தோற்காத மனிதனைப் பற்றிய ஜப்பானியக் கவிதை ஒன்றைப் படித்தேன். அதை எழுதியவர் பள்ளிக்கூட ஆசிரியர் என்பது உண்மையா? (வாசகி, கோயம்புத்தூர்)

உண்மை. கென்ஜி மியாசாவா 1896 ஆகஸ்ட் 27 அன்று ஜப்பானின் வடகிழக்கில், இவாத்தே மாநிலத்து ஹனமாகியில் பிறந்தவர். அப்பா அடகுக்கடை வைத்திருந்தார். விளைச்சல் பொய்த்த வருஷத்தில் ஊர்க்காரர்கள் எதையெல்லாம் அடகு வைக்க வருவார்கள் என்பதைச் சிறுவயதிலேயே பார்த்து வளர்ந்தார். மொரியோகாவில் வேளாண்மை படித்து, மண்ணியலில் தேர்ந்தார். 1921 டிசம்பரிலிருந்து 1926 மார்ச் வரை ஊரிலிருந்த வேளாண் பள்ளியில் ஆசிரியர். அந்தக் காலத்தில்தான் தங்கை தோஷி இறந்தார் (1922 நவம்பர்), ‘வசந்தமும் அசுரனும்’ தொகுப்பும் வந்தது (1924, சொந்தச் செலவில் 1,000 பிரதி, பெரும்பாலும் விற்கவில்லை). நீங்கள் படித்த கவிதை 1931 நவம்பரில், படுத்த படுக்கையாக இருந்தபோது, குறிப்பேட்டில் எழுதியது. அவர் காலமானது 1933 செப்டம்பர் 21, வயது 37. கவிதை கண்ணில் பட்டது அதற்குப் பிறகுதான்.

கேள்வி: வேலையை விட்டபின் விவசாயிகளுக்கு இலவசமாக உரத் திட்டம் போட்டுக் கொடுத்தாராமே? எப்படிப் போட்டார்? (விவசாயி, மன்னார்குடி)

எல்லோருக்கும் ஒரே அளவு என்று எழுதிக் கொடுக்கவில்லை, அதுதான் விசேஷம். சுமார் 2,000 சீட்டு எழுதியதாகச் சொல்வார்கள். எதிரில் உட்கார்ந்த விவசாயியிடம் அவர் கேட்ட கேள்விகள் அப்படியே ஒரு கவிதையாகக் கிடைத்திருக்கின்றன. அவர் எழுதியதிலேயே உயர்ந்தது அதுதான் என்பது என் கருத்து.

முதலில் பரப்பு. 5 ‘தான்’ 8 ‘செ’ என்கிறார் வந்தவர். இரண்டும் ஜப்பானிய நில அளவுகள், பத்து செ ஒரு தான். ஒரு ‘தான்’ நம் கணக்கில் ஏறக்குறைய 24½ சென்ட். ஆக மொத்தம் 1 ஏக்கர் 42 சென்ட். பதிவேட்டில் உள்ளபடியா, ஊர் வழக்குக் கணக்கா என்று உடனே கேட்கிறார். இங்கே பிசகினால் மேற்கொண்டு போடுகிற எல்லா அளவும் பிசகும்.

அடுத்து மண். வயல் ஆற்றிலிருந்து எத்தனையாவது மேட்டில் இருக்கிறது? வரப்பில் வெள்ளை க்ளோவர் என்கிற தீவனச் செடி முளைக்கிறதா, சுக்காங்கீரை இனத்துப் புளிப்புக் களையா? க்ளோவருக்குப் புளித்த மண் ஆகாது, அந்தக் களை தாங்கும். கருவி இல்லாமலே அமிலத் தன்மை பிடிபட்டுவிடும். மணலை விரலில் தேய்த்தால் சரசரவென்று உதிருமா? இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல் தண்ணீர் கட்டி மடையை அடைத்தால் அரை நாளாவது நிற்குமா? பயிர் முதலில் தளதளவென்று வந்து பிறகு சோர்கிறதா? இந்த இரண்டுக்கும் பதில் மோசமென்றால் தழைச்சத்து அடியில் இறங்கிப் போகிறது என்று பொருள். அப்படிப்பட்ட நிலத்தில் மொத்தத்தையும் அடியுரமாகக் கொட்டினால் பாதி வீண்.

பிறகு நாற்றங்கால்: நாள் முழுக்க வெயில் படுமா, எவ்வளவு விதை, பறித்த நாற்றை அன்றைக்கே நடுகிறீர்களா? என்ன ரகம், விதை எத்தனை வருஷத்துப் பழசு, உரத்துக்கு எவ்வளவு செலவழிக்க முடியும்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். ஏறக்குறைய எண்பது சதவீத விளைச்சல் பத்திரமாக வந்தால் போதுமா, அல்லது முப்பது வருஷத்துக்கு ஒருமுறை வருகிற கெட்ட பருவம் வந்தால் வைக்கோல் மட்டுமே மிஞ்சும் என்று தெரிந்தே துணிந்து போடலாமா? முடிவை விவசாயியிடமே விட்டுவிடுகிறார். நல்ல ஆசிரியர் அப்படித்தான் செய்வார்.

கேள்வி: அவ்வளவு படித்தும் சில வருஷம் பயிர் கெட்டதாகப் படித்தேன். காரணம் என்ன? (வாசகர், ஈரோடு)

இரண்டு காரணம். ஒன்று, கோடையில் ஓகோட்ஸ்க் கடல் பக்கமிருந்து வரும் ‘யமாசே’ என்கிற ஈரக் குளிர்காற்று. கதிர் வெளிவர இரண்டு வாரத்துக்கு முன், மகரந்தம் உருவாகும் சமயத்தில் சில நாள் சராசரி வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் மலடாகிவிடும். பயிர் பச்சையாக நிற்கும், கதிர் மட்டும் பதராகித் தலை சாயாமல் நிமிர்ந்திருக்கும். இப்போது அங்கே அந்த நாட்களில் 15 முதல் 20 செ.மீ. வரை தண்ணீர் கட்டுகிறார்கள். இளங்கதிர் தண்ணீருக்குள் இருப்பதால் குளிர் அவ்வளவு தாக்காது. கென்ஜி பரிந்துரைத்தது ரிகூ 132 என்ற நெல் ரகம். குளிரையும் குலைநோயையும் அன்றைய மற்ற ரகங்களைவிட நன்றாகத் தாங்கும்.

மற்றொன்று, தழைச்சத்து கூடிப் பயிர் சாய்வது. ஒரு கவிதையில் மாணவன் ஒருவனுக்கு நேரடியாகவே கட்டளை போகிறது: இந்த ரகத்துக்குத் தழைச்சத்து அதிகம், தண்ணீரை அடியோடு நிறுத்து, மூன்றாம் களை எடுக்காதே. சேற்றைக் கிளறினால் மண்ணிலுள்ள தழைச்சத்து இன்னும் வெளிப்பட்டுப் பயிருக்குப் போய்ச் சேரும், அதனால்தான். மாதக் கடைசியில் பயிர் நெஞ்சுக்கு மேலே வளர்ந்தால் சட்டையின் மேல் பொத்தானை அளவாக வைத்து இலை நுனிகளை அறுத்துவிடு என்கிறார். தலைக்கனம் குறைந்தால் தண்டு தாங்கும். 1927 ஆகஸ்டில், அரை மாதம் மூடிக் கிடந்த வானமும் ஒரு காலை இடிமழையும் சேர்ந்து அவர் திட்டம் போட்ட வயல்களை வரிசையாகச் சாய்த்தன. ஒவ்வொருவரையும் பார்த்துத் தைரியம் சொல், எப்பாடுபட்டாவது ஈடுகட்டுவேன் என்று சொல் எனத் தன்னையே விரட்டுகிறது அன்றைய கவிதை. இதைப் படிக்காமல் அவரை மகான் என்று மட்டும் கும்பிடுவது அவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

கேள்வி: கடைசியில் சுண்ணாம்பு விற்றாராமே? (ஆசிரியை, மதுரை)

1931இல் சுண்ணாம்புக்கல் அரைக்கும் ஆலை ஒன்றில் தொழில்நுட்பராகச் சேர்ந்து, அதன் பயனை ஊர் ஊராக எடுத்துச் சொல்லி விற்றார். எரிமலைச் சாம்பல் மண்ணில் அலுமினியம் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பிடித்து வைத்துக்கொள்ளும். சுண்ணாம்பு அந்தப் பிடியைத் தளர்த்தும். அரைத்த கல் மெதுவாக வேலை செய்யும், வேரைச் சுடாது. நீற்றிய சுண்ணாம்பானால் அம்மோனியம் சல்பேட்டோடு கலக்கவே கூடாது, அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும்.

கேள்வி: அந்தக் கவிதையில் எளிய வாழ்வுக்கு நாளொன்றுக்கு ‘4 கோ’ அரிசி என்கிறாரே, அது கொஞ்சமா? (மாணவர், திருச்சி)

ஒரு கோ 180 மில்லி. நான்கு கோ பழுப்பரிசி கிட்டத்தட்ட 600 கிராம். கொஞ்சம் மிசோவும் (புளிக்க வைத்த சோயா விழுது) காய்கறியும்தான் கூட என்கிறார். அரிசியே முழு உணவாக இருந்த உழைப்பாளிக்கு அது அளவானதே. போருக்குப் பிந்தைய பஞ்சத்தில் பாடநூலில் அதை 3 கோ என்று மாற்றி அச்சிட்டார்கள்.

கேள்வி: அங்கே போனால் எதைப் பார்ப்பது? (வாசகர், சிங்கப்பூர்)

தோக்கியோவிலிருந்து தொஹோகு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் வந்து ஷின்-ஹனமாகியில் இறங்குங்கள். நினைவு அருங்காட்சியகம் பக்கத்தில்தான். விவசாயிகளைக் கூட்டிப் பாடம் நடத்திய வீடு இப்போது வேளாண் உயர்நிலைப் பள்ளி வளாகத்தில் இருக்கிறது. கீழ் வயலில் இருக்கிறேன் என்ற கரும்பலகை வாசகத்தை அதன் வாசலில் பார்க்கலாம். மாணவர்களை அழைத்துப்போன, ‘இங்கிலாந்துக் கடற்கரை’ என்று அவரே பெயர் வைத்த கிதகாமி ஆற்றுப் பாறைப் படுகை, மேலே அணைகள் வந்தபின் பெரும்பாலும் தண்ணீருக்குள்தான். அவர் நினைவு நாளையொட்டி அணைகளில் நீரைக் குறைத்து விடுவார்கள். அதற்கு முன் நல்ல மழை பெய்திருந்தால் பாறை தெரியாது.