‘நேற்று’ என்றால் எந்த நேற்று? சிறுவர்களுக்கு நாளும் மணியும் கற்பித்தல்: கேள்வி பதில்

மண்டபம் வட்டாரத்துத் தொடக்கப் பள்ளிகளில் 33 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அவற்றில் பெரும்பாலான ஆண்டுகள் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளோடுதான் கழிந்தன. சிறுவர்களுக்கு நேரத்தையும் நாள்காட்டியையும் கற்பிப்பது குறித்துக் கேட்கலாம் என்று அறிவித்திருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி (தங்கச்சிமடம், ஒரு தாய்): டீச்சர், என் மகனுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. காலையில் சாப்பிட்ட இட்லியும் ‘நேத்து’, போன தீபாவளியும் ‘நேத்து’. திருத்தினால் அழுகிறான். இவனுக்கு ஏதேனும் குறை இருக்குமோ?

பதில்: குறை எதுவும் இல்லை, அம்மா. ‘இப்போது இல்லை, முடிந்துவிட்டது’ என்பதை அவன் பிடித்துவிட்டான் என்பதற்கே அந்த ‘நேத்து’ சான்று. எத்தனை தொலைவு முடிந்தது என்பது அடுத்த படி. அதற்கு இந்த வயதில் எண்ணிக்கை உதவாது, நிகழ்ச்சிதான் உதவும். ‘மூன்று நாளைக்கு முன்பு’ என்று நீங்கள் சொன்னால் அவனுக்கு ஒன்றும் விளங்காது. ‘நீ மூன்று முறை தூங்கி எழுந்தாயே, அதற்கு முன்னால்’ என்றால் விளங்கும். முந்தாநாள், நாளை மறுநாள் என்று தனித்தனிச் சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. அவன் காதில் விழும்படி அவற்றை நீங்கள் புழங்கினால் போதும், பாடமாக நடத்த வேண்டியதில்லை.

கிழமைகளுக்கு உங்கள் ஊரிலேயே நல்ல வழி இருக்கிறது. விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாள்களிலும், நாட்டுப்படகுகள் மற்ற நாள்களிலும் கடலுக்குப் போகிற முறை நம் குழந்தைகளுக்குப் பள்ளிக்கு வரும் முன்பே தெரியும். ஏழு சிறு அட்டைகளை எடுத்து, மூன்றில் விசைப்படகும் நான்கில் வள்ளமும் வரையச் சொல்லிச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு துணிக் கவ்வியை அடுத்த அட்டைக்கு மாற்றுவது அவன் வேலையாக இருக்கட்டும். என் வகுப்பில் ஒரு பையன் ‘புதன்’ என்ற சொல்லை மறந்துவிட்டு, ‘இன்னைக்கு நடுப்போட்டு டீச்சர்’ என்றான். திங்களுக்கும் சனிக்கும் நடுவில் இருக்கும் விசைப்படகு நாள் என்பது அவன் கணக்கு. கிழமையின் பெயர் தெரியாவிட்டாலும் கிழமை தெரிந்துவிட்டது.

கேள்வி (மண்டபம், ஒரு தந்தை): எந்த வயதில் கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொடுக்கலாம்?

பதில்: முழு மணியை ஆறு வயதில், அரை மணியையும் கால் மணியையும் ஏழில், நிமிடங்களை எட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஐந்தாக எண்ண வராத குழந்தைக்கு நிமிட முள்ளைக் காட்டுவது இரு தரப்புக்கும் வேதனை.

கேள்வி (பாம்பன், ஓர் இளம் ஆசிரியை): இரண்டாம் வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகள் 3.50 மணியை 4.50 என்று படிக்கிறார்கள். எத்தனை முறை சொல்லியும் மாறவில்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: தவறு உங்களுடையதும் அன்று, பிள்ளைகளுடையதும் அன்று, இரண்டு முள்ளையும் ஒரே நாளில் காட்டும் பழக்கத்தினுடையது. 3.50 மணிக்குச் சின்ன முள் 4-ஐ ஏறக்குறையத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் எந்த எண் இருக்கிறதோ அதைப் படி என்று நாம் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்கள். கண் சொல்வதைச் சொல்கிற குழந்தையைத் தவறு என்று சொன்னால், அது கண்ணை நம்புவதை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்து ஊகிக்கத் தொடங்கும்.

நான் கையாண்ட வழி இது. ஓடுகிற பழைய சுவர்க் கடிகாரம் ஒன்றை வாங்கி, கண்ணாடியைக் கழற்றி, பெரிய முள்ளையும் நொடி முள்ளையும் பிடுங்கிவிட்டேன். சின்ன முள் மட்டும் தனியே நகர்ந்துகொண்டிருக்கும் அந்தக் கடிகாரத்தை வகுப்பில் மாட்டி, ஒரு மாதம் வேறு எதையும் கற்பிக்கவில்லை. முள் 3-இன் மேல் நின்றால் மூன்று மணி. 3-ஐ விட்டுக் கிளம்பிவிட்டால் அது மூன்றின் வீட்டில் இருக்கிறது. 4-ஐத் தொடும் வரை மூன்றின் வீட்டை விட்டு வெளியேறவில்லை. வீட்டின் நடுவில் நின்றால் மூன்றரை. நடுவுக்கு முன்னே நின்றால் மூன்றே கால், வாசலை நெருங்கினால் மூன்றே முக்கால். ஒரு மாதம் கழித்துப் பெரிய முள்ளைத் திரும்பப் போட்டபோது, ‘நாலு வாசலில் நிற்கிறான், ஆனால் இன்னும் உள்ளே போகவில்லை’ என்று ஒரு பெண் குழந்தை விரலை முள்ளின் மேல் வைத்துச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் 4.50 வரவில்லை.

இதில் தமிழ் நமக்குச் செய்யும் உதவியைக் கவனியுங்கள். மூன்றே முக்கால் என்று நாம் கடந்துவந்த மணியின் பெயரைச் சொல்கிறோம். வரப்போகும் நாலைச் சொல்லிக் ‘கால் குறைவு’ என்று ஆங்கிலம் கழிக்கிறது. ஆங்கிலவழிப் பள்ளிப் பிள்ளைகள் இந்த இடத்தில் தடுமாறுவதில் வியப்பில்லை. முதலில் தமிழில் உறுதியாக்கிவிட்டு, பிறகு ஆங்கிலத்தை மொழிப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். கணக்குப் பாடத்தோடு அதைக் குழப்பாதீர்கள்.

கேள்வி (தேவிபட்டினம், ஒரு பாட்டி): எங்கள் வீட்டுத் தேதிக் காலண்டரில் ராகு காலம், எமகண்டம் எல்லாம் இருக்கின்றன. பேரன் கேட்கிறான். மருமகள் அதெல்லாம் பிள்ளைக்கு வேண்டாம் என்கிறாள்.

பதில்: நம்பிக்கை உங்கள் வீட்டு விஷயம், அதில் நான் நுழையமாட்டேன். ஆனால் ‘திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா’ என்ற பழைய நினைவு வாக்கியம் அருமையான கணக்கு. ஒவ்வொரு சொல்லின் தொடக்கமும் ஒரு கிழமையைச் சுட்டும்; ராகு காலம் தொடங்கும் நேரம் அந்த வரிசையிலேயே திங்கள் 7.30, சனி 9, வெள்ளி 10.30, புதன் 12, வியாழன் 1.30, செவ்வாய் 3, ஞாயிறு 4.30 என்று ஒன்றரை மணி நேரமாக ஏறுகிறது. அரை மணியும் முழு மணியும் மாறி மாறி வருவதைப் பேரனே கண்டுபிடிக்கட்டும். மருமகளிடம் இதைக் கணக்கு என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி (ராமேசுவரம், ஒரு தந்தை): ஒரே தாளில் ஆங்கிலத் தேதி பெரிதாகவும் தமிழ்த் தேதி சிறிதாகவும் இருக்கிறது. ‘இன்றைக்கு ஒரு நாள்தானே, ஏன் இரண்டு நம்பர்?’ என்கிறாள் மகள். என்ன சொல்வது?

பதில்: ‘ஒரே நாளை இரண்டு பேர் எண்ணுகிறார்கள், ஒருவர் முன்னாலேயே எண்ணத் தொடங்கிவிட்டார்’ என்று சொல்லுங்கள், ஏழு வயதுக்கு அது போதும். உங்களுக்காக மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். தமிழ் மாதம் சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்கு நகர்வதைப் பொறுத்தது. பூமி சனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில் வேகமாகச் செல்வதால் மார்கழி பெரும்பாலும் 29 நாளில் முடிந்துவிடுகிறது. சூலை தொடக்கத்தில் தொலைவில் மெதுவாகச் செல்வதால் ஆனி 32 நாள் வரை நீள்கிறது. முப்பதா முப்பத்தொன்றா என்று கை முட்டியில் எண்ணுகிற வித்தை ஆங்கில மாதங்களுக்கு மட்டுமே செல்லும்.

காலண்டரைப் படிக்க மட்டும் சொல்லாதீர்கள், கிழிக்கும் உரிமையைக் குழந்தையிடம் கொடுங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை. ஏப்ரலில் 16, மே மாதத்தில் 31, சூனில் 14 என்று கூட்டினால் 61 நாள். தந்தை கரையில் இருக்கும் அந்த நாள்களின் தாள்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்க்கச் சொல்லி என் வகுப்பில் ஒரு விடுமுறைப் பணி கொடுத்தேன். சூன் மாதம் டப்பாவோடு வந்த ஒரு சிறுமியிடம் 60 தாள்தான் இருந்தன. எந்த நாள் காணவில்லை என்று வகுப்பே தரையில் பரப்பி வரிசைப்படுத்தித் தேடியதில் மே 23 இல்லை. தம்பி கப்பல் செய்துவிட்டானாம். நான் திட்டமிட்ட எந்தப் பாடமும் அந்த முக்கால் மணி நேரத்துக்கு ஈடாகவில்லை.

கேள்வி (கீழக்கரை, ஒரு தாய்): கணவர் துபாயில் இருக்கிறார். ‘வாப்பா ஒன்பது மணிக்குக் கூப்பிடுவார்’ என்றால், அங்கே மணி என்ன என்று மகன் கேட்டுக் குழம்புகிறான்.

பதில்: இரண்டு கடிகாரங்களை அருகருகே மாட்டுங்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். இங்கே 9 மணி என்றால் அங்கே 7.30. சவூதியில் இருந்தால் இரண்டரை மணி நேரம் பின்னால். பூமி சுற்றுவதைப் பற்றிய விளக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு நாள் அந்திக் கருக்கலில் காணொளியில் அழைக்கும்போது வாப்பா சன்னலைத் திறந்து, இங்கே இருட்டிய பிறகும் அங்கே வெளிச்சம் மிச்சமிருப்பதைக் காட்டட்டும்.

உங்கள் வீட்டுக் குழந்தைக்கு இன்னொரு வசதியும் உண்டு. பிறை பார்த்து மாதம் தொடங்குவதும், மஃரிப் என்னும் அந்தித் தொழுகை வேளையோடு அடுத்த நாள் பிறந்துவிடுவதும் அவனுக்குப் பழக்கம். நள்ளிரவில் தேதி மாறுவது, சூரிய உதயத்தில் பஞ்சாங்க நாள் மாறுவது, அந்தியில் ஹிஜ்ரி நாள் மாறுவது ஆகிய மூன்றும் ஒரே தெருவில் நடக்கின்றன என்பதை ஐந்தாம் வகுப்பில் அவனுக்குச் சொல்லுங்கள், மிகவும் ரசிப்பான். ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள் என்பதால் நோன்பு ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னால் வருவதையும் அப்போது அவனே கணக்கிட்டுவிடுவான்.

கேள்வி (உச்சிப்புளி, ஓர் ஆசிரியர்): நிழலைக் கொண்டு நேரம் கற்பிக்க முயன்றேன். உச்சிவெயில் 12 மணிக்கு என்று சொல்லிவிட்டேன். குச்சியின் நிழல் 12 மணிக்குப் பிறகும் குறைந்துகொண்டே போனது. பிள்ளைகள் முன்னால் அசடு வழிந்தது.

பதில்: தம்பி, உங்கள் குச்சி சரி, கடிகாரம்தான் நம் ஊர்க்காரர் அன்று. இந்திய நேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கக்கோட்டைக் கொண்டு கணிக்கப்படுகிறது. அந்தக் கோடு உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூர்ப் பக்கம் போகிறது. ராமேசுவரம் ஏறக்குறைய 79.3 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்பதால் நமக்கு உச்சிப்பொழுது சராசரியாக 12.13-க்குத்தான். அதிலும் பூமியின் ஓட்டம் சீராக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் பிப்ரவரி நடுவில் 12.27 வரை தள்ளிப்போகும். நவம்பர் தொடக்கத்தில் 12-க்குச் சற்று முன்னாலேயே வந்துவிடும்.

ஆகவே மணியைச் சொல்லிவிட்டு நிழலைப் பார்க்காமல், நிழலைப் பார்த்துவிட்டு மணியைக் கேளுங்கள். ஒரு முழக் குச்சியைச் சமமான மணலில் செங்குத்தாக நட்டு, 11.45 முதல் ஒரு மணி வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் ஒரு சிப்பியை வைக்கச் சொல்லுங்கள். குச்சிக்கு மிக அருகில் இருக்கும் சிப்பியே உச்சி. சித்திரை முதல் நாள் பள்ளி விடுமுறை என்றாலும் பிள்ளைகளைக் கூப்பிட்டுவிடுங்கள்: ஏப்ரல் 13, 14 வாக்கில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வருகிறது, குச்சியின் நிழல் குச்சியின் அடியிலேயே மறைந்துவிடும். ஆகஸ்ட் 28, 29 வாக்கில் மறுபடியும் அதே காட்சி. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். நிழல் எப்போதும் வடக்கே என்று பாடநூலை ஒப்பித்த பிள்ளைகள் அன்றைக்குத்தான் சூரியன் நகர்வதை உண்மையிலேயே நம்புவார்கள். வெறும் காலோடு மட்டும் விடாதீர்கள், மணல் கொதிக்கும்.

கேள்வி (திருப்புல்லாணி, ஒரு தாத்தா): நாழிகைக் கணக்கையும் சொல்லித்தரலாமா?

பதில்: தாராளமாக. 60 நாழிகை ஒரு நாள், ஒரு நாழிகை 24 நிமிடம், இரண்டரை நாழிகை ஒரு மணி. வகுத்தல் வந்த பிறகு சொல்லுங்கள் ஐயா. அதுவரை வைகறை, நண்பகல், எற்பாடு என்ற பொழுதுகளின் பெயர்களைச் சொல்லுங்கள். எற்பாடு, தொல்காப்பிய மரபில், நெய்தல் நிலத்துக்கே உரிய பொழுது. வெயில் சாய்கிற வேளையில் கரையில் நின்று சொன்னால் அந்தச் சொல் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி (பாம்பன், ஒரு தாய்): என் கணவரும் அவரோடு போனவர்களும் இலங்கைக் காவலில் இருக்கிறார்கள். ஐந்து வயது மகள் தினமும் ‘அப்பா எப்போ வருவார்’ என்கிறாள். ‘நாளைக்கு’ என்றே சொல்லிவருகிறேன். இதற்கு உங்களிடம் கேட்கலாமா என்று தெரியவில்லை.

பதில்: கேட்கலாம், தாயே. உங்கள் நிலையில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் இன்றிலிருந்து அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். ‘நாளைக்கு’ என்பது ஒரு முறை தூங்கி எழுந்தால் வருவது என்று அவள் இப்போதுதான் பிடித்திருக்கிறாள். தூங்கி எழுந்தும் வராவிட்டால் அவளுக்கு அந்தச் சொல்லும் போகும், உங்கள் பேச்சின் மேலுள்ள நம்பிக்கையும் போகும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். தெரிந்ததை நாள்காட்டியில் காட்டுங்கள். நீதிமன்றத்தின் அடுத்த வாய்தாத் தேதி தெரிந்திருந்தால் அந்தத் தாளில் அவளை ஒரு படகு வரையச் சொல்லி, ‘அன்றைக்கு அப்பா வரும் நாள் இல்லை, அப்பாவைப் பற்றிச் செய்தி வரும் நாள்’ என்று பிரித்துச் சொல்லுங்கள். தினமும் ஒரு தாளை அவளே கிழிக்கட்டும். வாய்தா தள்ளிப்போனால் அவள் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். அன்று மாலையே அவளை மடியில் வைத்துக்கொண்டு புதிய தேதியில் இன்னொரு படகு வரையுங்கள். கிழித்த தாள்களை எறியாதீர்கள். அவர் வந்ததும் எத்தனை நாள் என்று இருவருமாக எண்ணட்டும்.