‘ரன்’ என்றால் ஓடுவது மட்டும்தானா? கேள்விகளும் பதில்களும்

‘ரன்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்று போன வாரம் கேட்டிருந்தேன். இருபது வருடத்துக்கு மேலாகப் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களைத் தடுக்கி விழவைப்பது பெரும்பாலும் பெரிய சொற்கள் இல்லை. ஒன்றாம் வகுப்பிலேயே படித்தாகிவிட்டது என்று நினைக்கிற இந்த மாதிரிச் சின்னச் சொற்கள்தான். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

டீச்சர், இந்த ஒரு சொல்லுக்கு அறுநூறு பொருளுக்கு மேல் உண்டு என்கிறார்களே, நிஜமா? எப்படிப் படித்து முடிப்பது? (கல்லூரி மாணவி, கோவை)

நிஜம்தான் அம்மா. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக இந்தச் சொல்லைத் திருத்தி எழுதியவர் பீட்டர் கில்லிவர். வினைச்சொல்லாக வரும் ‘ரன்’னுக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார். அதற்கு அவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் முதலிடம் ‘செட்’ என்ற சொல்லுக்கு, 430 பொருள்களோடு. ‘ரன்’ அதை முந்தியதில் இயந்திரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ரயில், மில், மோட்டார், கம்ப்யூட்டர் என்று எது புதிதாக வந்தாலும் அது ‘ரன்’ ஆனது.

எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம், மனப்பாடமும் வேண்டாம். வேரைப் பிடித்தால் போதும். பழைய ஆங்கிலத்தில் இதன் முன்னோடியான ‘ரின்னன்’ ஆள் ஓடுவதையும் குறித்தது, நீர் ஓடுவதையும் குறித்தது. கால் ஓட்டம் ஒன்று, நீரோட்டம் ஒன்று. புதிதாக ஒரு வாக்கியம் கண்ணில் பட்டால் இந்த இரண்டில் எதன் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். குழாயில் ‘ரன்’, மூக்கில் ‘ரன்’, துணிச் சாயத்தில் ‘ரன்’ எல்லாம் நீர் பக்கம். முக்கால்வாசி இடத்தில் இது கைகொடுக்கும்.

தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருக்கிறது. ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் இழுப்பது ஆங்கிலத்தின் வறுமை அல்லவா? (ஓய்வு பெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்)

ஐயா, மன்னிக்க வேண்டும், இதில் எனக்கு உடன்பாடு இல்லை. நம் ‘ஓடு’வைக் கொஞ்சம் பாருங்கள். பஸ் ஓடுகிறது, ஃபேன் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, வேர் ஓடியிருக்கிறது, காலம் ஓடிவிட்டது. “எனக்கு ஒன்றும் ஓடவில்லை” என்றால் மூளை நின்றுபோன நிலை. “ஏதோ பொழப்பு ஓடுது” என்பதில் ஒரு வாழ்க்கையே இருக்கிறது. பெண் ஓடிப்போய்விட்டாள் என்றால் யாரும் ஓட்டப் பந்தயத்தை நினைப்பதில்லை. ‘ஓட்டு’ என்று ஆக்கினால் வண்டியை ஓட்டலாம், குடும்பத்தை ஓட்டலாம், ஈயும் ஓட்டலாம். கூரை ஓடும் ஆமை ஓடும் வேறு சொற்கள், அவற்றை நான் சேர்க்கவே இல்லை. நாம் ஒருநாளும் இதை வறுமை என்று நினைத்ததில்லை, இல்லையா?

நீங்கள் வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருப்பீர்கள்: தொல்காப்பியம் ‘பலபொருள் ஒருசொல்’லை வினை வேறுபடுவது, வேறுபடாதது என்று இரண்டாகப் பிரிக்கிறது. ‘மா பூத்தது’ என்றால் மரம், ‘மா ஓடியது’ என்றால் விலங்கு. ‘மா வீழ்ந்தது’ என்றால் இரண்டில் எதுவும் இருக்கலாம். அங்கே பெயரின் பொருளை வினை காட்டிக்கொடுக்கிறது. ‘ரன்’னில் இதையே திருப்பிப் போடுங்கள்: வினையின் பொருளைப் பெயர் காட்டிக்கொடுக்கிறது. எது ஓடுகிறது, எதை ஓட்டுகிறார்கள் என்று கேட்டாலே முடிச்சு அவிழ்ந்துவிடும். என் மாணவர்களுக்கு அகராதியைத் திறப்பதற்கு முன்பே இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

ரீச்சர், மகன்ர வரலாற்றுப் புத்தகத்தில ‘பேட்டில் ஒஃப் புல் ரன்’ எண்டு இருக்கு. காளை ஓட்டப் போர் எண்டு சொல்லிக் குடுத்திட்டன். பிறகுதான், போருக்குள்ள மாடு எப்பிடி வந்தது எண்டு யோசினையாக் கிடக்கு. (ஒரு தாய், ரொறன்ரோ)

மாடு வரவில்லை. அங்கே ஓடியது தண்ணீர். அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் சிற்றாற்றை ‘ரன்’ என்று சொல்லும் வழக்கம் உண்டு. புல் ரன் என்பது வர்ஜீனியா மாநிலத்தில் மனாசஸ் ஊருக்கு அருகே ஓடும் சிற்றாறு. 1861 ஜூலை 21 அன்று அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை அதன் கரையில்தான் நடந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் அதே பகுதியில் இன்னொரு சண்டை. வடக்குத் தரப்பு ஆற்றின் பெயரால் ‘புல் ரன்’ என்றது; தெற்குத் தரப்பு ஊரின் பெயரால் ‘மனாசஸ்’ என்றது. புத்தகத்தில் இரண்டு பெயரும் வந்தால் மகன் குழம்பாமல் இருக்க இதையும் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஓடுவதால் நாம் ‘ஓடை’ என்கிறோம். ஓடுவதால் அவர்கள் ‘ரன்’ என்றார்கள். இரண்டு மொழிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, ஆனாலும் தண்ணீரைப் பார்த்த கண் ஒன்றுதான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தமிழில் எழுதும்போது ‘புல் ரன் ஓடைச் சண்டை’ என்று எழுதினால் தெளிவாக இருக்கும். மாடு நிஜமாகவே ஓடுவது ஸ்பெயினில், பாம்ப்லோனா ஊரின் ஜூலைத் திருவிழாவில்.

செய்தி மொழிபெயர்க்கும்போது ‘ரன்னிங் மேட்’ வருகிறது. என்ன போடலாம்? (நாளிதழ் உதவி ஆசிரியர், மதுரை)

‘துணை அதிபர் வேட்பாளர்’ என்று போடுங்கள். குதிரைப் பந்தயத்தில் ஒரே லாயத்துக் குதிரை ஒன்று மற்றொன்றின் வேகத்துக்கு ஈடுகொடுத்துத் துணையாக ஓடும். அதற்கு இருந்த பெயர் அரசியலுக்கு வந்துவிட்டது. ‘உடன் ஓடுபவர்’ என்று அவசரத்தில் போட்டுவிடாதீர்கள், நான் அச்சிலேயே பார்த்திருக்கிறேன். இன்னொன்று: அமெரிக்கர்கள் தேர்தலில் ஓடுவார்கள், பிரிட்டிஷ்காரர்கள் ‘ஸ்டாண்ட்’ என்று நிற்பார்கள். நாமும் தேர்தலில் நிற்கிறவர்கள்தான்.

அக்கா, அடுத்த மாதம் இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்குச் சேர்கிறேன். நோயாளிகள் பேச்சில் இந்தச் சொல் எப்படி வரும்? (நாகர்கோவில்)

நல்ல கேள்வி, இதைக் குறித்துக்கொள். வயதானவர் ஒருவர் “ஐ ஹேவ் காட் த ரன்ஸ்” என்றால் எங்கேயோ ஓடினார் என்று அர்த்தம் இல்லை, அவருக்கு வயிற்றுப்போக்கு. கூச்சத்தில் மெதுவாகச் சொல்வார்கள். முன்னால் ‘த’, கடைசியில் ‘ஸ்’, இரண்டையும் காதில் வாங்கிக்கொள். புரியாவிட்டால் தலையாட்டிவிட்டுப் போய்விடாதே, திரும்பக் கேள். எத்தனை தடவை போனது, ரத்தம் இருந்ததா என்று நீ அடுத்துக் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் தொங்குகின்றன.

“ரன்னிங் எ டெம்பரேச்சர்” என்றால் காய்ச்சல் அடிக்கிறது. “ஃபீலிங் ரன் டவுன்” என்றால் உடம்பு அசந்து, தெம்பில்லாமல் இருக்கிறது. “இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி” என்றால் அந்த நோய் வீட்டில் வழிவழியாக வருகிறது. அதைச் சொன்னால் யார் யாருக்கு என்று கேட்டு எழுதிக்கொள். மூக்கு ஒழுகுவதை நாம் ‘ரன்னிங் நோஸ்’ என்போம், அங்கே ‘ரன்னி நோஸ்’. போய் வா, நல்லபடியாக இரு.

இண்டர்வியூவில் அப்பாவின் தொழிலைக் கேட்டார்கள். “மை ஃபாதர் ரன்ஸ் எ மெஸ்” என்றேன். எதிரே இருந்த வெளிநாட்டுக்காரர் முகம் மாறியது. ரன்ஸ் தப்பா சார்? (திருச்சி)

சார் இல்லை, டீச்சர்! ‘ரன்ஸ்’ மிகச் சரி தம்பி. கடை, ஹோட்டல், பள்ளி எதை நடத்தினாலும் அதுதான் சொல். மாறியது ‘மெஸ்’ஸால். ராணுவத்திலும் கப்பலிலும் சாப்பாட்டுக் கூடத்தை ‘மெஸ்’ என்பதுண்டு, நமக்கு அது அப்படித்தான் வந்தது. மற்றபடி இன்றைய ஆங்கிலக் காதில் முதலில் விழும் பொருள் அலங்கோலம். அடுத்த முறை “ரன்ஸ் எ ஸ்மால் ரெஸ்டாரண்ட்” என்று தலை நிமிர்ந்து சொல். தினமும் நாலு பேர் பசியாற்றுகிற தொழில்.

சட்டையில் ‘கலர்ஸ் மே ரன்’ என்று சீட்டு இருக்கிறது. (திருப்பூர்)

சாயம் போகும், தனியாகத் துவையுங்கள். திருப்பூரில் உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா!

‘பேங்க் ரன்’ என்றால் வங்கி நன்றாக ஓடுகிறது என்றுதானே? (சிறுகடை வியாபாரி, ஈரோடு)

நேர் எதிர். வங்கி முழுகிவிடும் என்ற பயத்தில் பணம் போட்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எடுக்க ஓடிவருவதுதான் ‘ரன்’. வாங்கிய பணத்தை வங்கி கடனாகக் கொடுத்திருக்கும், பெட்டியில் முழுவதும் இருக்காது. அதனால் அந்தப் பயமே வங்கியைச் சாய்த்துவிடலாம். 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் அப்படி நீள நீள வரிசை நின்றது.

சிக்ஸர் அடித்தால் யாரும் ஓடுவதில்லை. அப்புறம் ஏன் ஆறு ரன்? (ஏழாம் வகுப்பு மாணவன், சேலம்)

அருமையான கேள்வி கண்ணா. முதலில் ஓடியதற்குத்தான் கணக்கு: 22 கஜத்தைக் கடந்து மறுமுனை சேர்ந்தால் ஒன்று. ஸ்கோரைத் தாளில் எழுதும் பழக்கம் வருவதற்கு முன் ஒரு குச்சியில் வெட்டுப் போட்டு எண்ணினார்கள். அதனால் ‘நாட்ச்’ என்ற பெயரும் இருந்தது. பின்னால் ‘ரன்’ என்பது செயலின் பெயராக இல்லாமல் அளவின் பெயராகிவிட்டது. பந்து தரையில் படாமல் எல்லையைத் தாண்டினால் ஓடாமலே ஆறு ஓட்டம் கொடுத்துவிடுகிறார்கள்.

அப்படியானால் ‘ரன் அவுட்’? ஆட்டத்திலும் வருகிறது, பால் தீர்ந்தாலும் வருகிறதே. (அதே மாணவனின் அம்மா)

ஆட்டத்தில் ஆளை அவுட் ஆக்குகிறார்கள், அதனால் “ஹி வாஸ் ரன் அவுட்”. வீட்டில் பால் தானாகத் தீர்கிறது, அதனால் “த மில்க் ரேன் அவுட்”. நம்மை வைத்துச் சொல்வதானால் நடுவில் ‘ஆஃப்’ வேண்டும்: “வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்”. பலர் இங்கே ‘ஹேவ் ரேன்’ என்கிறார்கள். ‘ஹேவ்’ வந்துவிட்டால் ‘ரேன்’ கிடையாது, மறுபடியும் ‘ரன்’தான்.