மத்தியானமானா சர்வர் படுத்துக்குதுங்க!

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, ஏற்கெனவே ஏதோ ஒரு பாகத்தை மாற்றிக் காசு விட்டவர்களுடையது.

கேள்வி: திருப்பூர்ல நிட்டிங் யூனிட்டுங்க. மத்தியானம் ரெண்டு மணி வாக்குல சர்வர் தானா அணைஞ்சுடுது. ராம், எஸ்எம்பிஎஸ் (கரண்ட் சப்ளை பெட்டி) ரெண்டும் மாத்தியாச்சு. அடுத்து மதர்போர்டுன்னு சொல்றாங்க. மாத்திடலாமுங்களா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். காலையில் நன்றாக ஓடி, வெயில் ஏறியதும் விழுகிறது என்றால் என் முதல் சந்தேகம் சூட்டின் மேல்தான். விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்ற வரியைப் பார்த்துத்தான் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியிருப்பார்கள். முறையாக ஷட்டவுன் ஆகாமல் அணைந்தது என்பதற்கு மேல் அந்த வரி எதையும் சொல்லாது. டெல் சர்வரில் ஐடிராக், எச்பியில் ஐலோ என்று தனியாக ஒரு குட்டி கன்ட்ரோலர் உண்டு. விண்டோஸ் செத்துக் கிடந்தாலும் அது விழித்திருந்து, எந்த ஃபேன் எப்போது நின்றது, எந்த இடத்தில் சூடு வரம்பைத் தாண்டியது என்று எழுதி வைக்கும். அந்த லாகைப் படித்துவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுங்கள்.

உங்கள் ஊரில் பஞ்சு வேறு. ஃபேனுக்கும், பிராசசர் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் போய் மெத்தையாகப் படியும். மேலே பார்த்தால் ஃபேன் ஜம்மென்று சுற்றும். காற்று மட்டும் உள்ளே போகாது. ஒரு யூனிட்டில் ஃபேனைக் கழற்றினேன். ஹீட் சிங்கின் கோடு கோடான அச்சோடு ஒரு பஞ்சுப் பாளம் கிழியாமல் கையோடு வந்தது. மேலே இளஞ்சிவப்பு, அடியில் நீலம். எந்த ஆர்டர் எப்போது ஓடியது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்!

சுத்தம் செய்யும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடியுங்கள்; தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். யூனிட் கம்பிரசர் காற்று வேண்டாம், அதில் தண்ணீரும் எண்ணெயும் வரும். காற்றோட்டம் என்று மூடியைத் திறந்து வைத்து ஓட்டாதீர்கள். முன்னால் இழுத்துப் பின்னால் தள்ளும்படி செய்த பெட்டி அது. மூடி திறந்தால் காற்று பிராசசர் பக்கமே போகாது. உள்ளே போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருந்தால் நல்லது.

கேள்வி: ஈரோட்டில் மஞ்சள் மண்டி. ரெய்டு 5, மூன்று டிஸ்க். ஒன்றில் ஆரஞ்சு விளக்கு எரிகிறது. கழற்றித் திரும்பச் செருகினால் சரியாகுமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ரெய்டு 5 என்பது தகவலைப் பல டிஸ்க்கில் பிரித்து எழுதும் ஏற்பாடு. அது தாங்குவது ஒரு டிஸ்க் சாவைத்தான், அந்தச் சாவு நடந்துவிட்டது. முதல் வேலை பேக்கப். செத்த டிஸ்க்கில் இருந்ததைப் புது டிஸ்க்கில் திரும்ப எழுதும் ரீபில்டு ஓடும்போது மீதி இரண்டு டிஸ்க்கையும் முழுக்கப் படித்தாக வேண்டும். மூன்றும் ஒரே நாளில் வாங்கியவை என்றால் வயதும் உழைப்பும் ஒன்றுதான். நல்ல டிஸ்க்குகள் தங்கள் உடல்நிலையைக் குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில், கெட்ட இடங்களைக் கணக்கு வைக்கும் 5, 197, 198 ஆகிய எண் வரிகளைப் பாருங்கள். 197 ஏறிக்கொண்டே போனால் அதுவும் கிளம்பத் தயாராகிறது.

அப்புறம், ஸ்லாட் எண்ணையும் சீரியல் எண்ணையும் தாளில் எழுதி, இரண்டு பேர் சரிபார்த்த பிறகு கை வையுங்கள். அவசரத்தில் நல்ல டிஸ்க்கை உருவியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பொள்ளாச்சிங்க. கரண்ட் போய் வந்தா தேதி பழசாயிடுது.

பதில்: மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். 3 வோல்ட், சில பத்து ரூபாய். கழற்றினால் பயாஸ் (சர்வர் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை புரோகிராம்) அமைப்புகள் அழியலாம்; அதனால் முன்பே அந்தத் திரைகளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கரூரிலிருந்து. லாகில் 'கரெக்டபிள் மெமரி எரர்' தினமும் வருகிறது. சர்வர் நன்றாகத்தான் ஓடுகிறது. விட்டுவிடலாமா?

பதில்: எப்போதோ ஒன்று என்றால் விடலாம், தினமும் என்றால் கூடாது. இசிசி ராம் ஒரு பிட் தவறினால் தானே திருத்திக்கொள்ளும். ஒரே நேரத்தில் இரண்டு தவறினால் திருத்த முடியாது, சர்வர் படுத்துவிடும். லாகில் ஸ்லாட் பெயர் இருக்கும். அந்த ராம் ஸ்டிக்கை வேறு ஸ்லாட் ஸ்டிக்கோடு இடம் மாற்றுங்கள். எரர் ஸ்டிக்கோடு போனால் ராம் கோளாறு. பழைய ஸ்லாட்டிலேயே நின்றால் போர்டு அல்லது பிராசசர் பக்கம். அன்றைக்கு வேறு எதையும் தொடாதீர்கள், பயாஸ் அப்டேட் உட்பட.

கேள்வி: கோவை கணபதியில் லேத் பட்டறை. யுபிஎஸ் இருந்தும் பெரிய மோட்டார் போட்டால் சர்வர் ரீஸ்டார்ட் ஆகுதுங்க.

பதில்: யுபிஎஸ் வாங்கி நாலு வருடம் தாண்டியிருந்தால் பேட்டரி வெறும் கனமாகத்தான் உட்கார்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்வரை அணைத்துவிட்டு, யுபிஎஸ்ஸில் இரண்டு 100 வாட் குண்டு பல்பு மாட்டி மெயினை ஆஃப் செய்யுங்கள். பல்பு உடனே அணைந்தாலோ, இரண்டு நிமிடத்தில் மங்கினாலோ பேட்டரியை மாற்றுங்கள். அப்படியே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள், மோட்டார் ஓடும்போது.