குளத்தில் படகு விடுவதற்கு முன் கரையைச் சுற்றி வாருங்கள்

வாசகர் கேள்விகளுக்கு, நீர்ப்பாசன வடிகால் இலாகாவில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் தோட்டத்தில் அந்தக் காலத்தில் ரப்பர் ஆலைக்குத் தண்ணீர் எடுத்த குளம் ஒன்று இருக்கிறது. மண் கரைதான், மூன்று ஆள் உயரம் இருக்கும். ஆலையை மூடிவிட்டார்கள், இப்போது சுற்றிலும் செம்பனை. கோயில் திருவிழா செலவுக்காக அங்கே மீன்பிடிப் போட்டி வைக்கலாம், பெடல் படகும் விடலாம் என்று இளைஞர் குழுவில் பேசியிருக்கிறோம். விடுகிற மீன் ஓடிப்போகாமல் இருக்க, தண்ணீர் வழிகிற வாயில் கம்பி வலை கட்டச் சொல்கிறார்கள். கரை மேலே கார் நிறுத்தவும் இடம் இருக்கிறது. வேறு எதைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு வாசகர், பத்தாங் காலி

பதில்: தம்பி, குளத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆள் நடமாட்டம் இருந்தால்தான் கரையில் விரிசல் விட்டாலும் யார் கண்ணிலாவது படும். ஆனால் அந்த வலை மட்டும் வேண்டவே வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அதுதான்.

மண் கரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதன் தலைக்கு மேல் தண்ணீர் ஏறி ஓடினால் நிற்காது. முதலில் வெளிச்சரிவில் மண் அரிக்கும், அப்புறம் உச்சியில் ஒரு பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தைத் தண்ணீரே அகலமாக்கிக்கொள்ளும். உலகத்தில் உடைந்த மண் அணைகளில் பெரும் பங்கு இப்படிப் போனவைதான். அப்படி நடக்காமல் இருக்கத்தான் கரையின் ஒரு பக்கத்தில் தாழ்வாகக் கலிங்கு, அதாவது நீங்கள் சொல்கிற தண்ணீர் வழியும் வாய், கட்டியிருக்கிறார்கள். மழைநாளில் அதில் செம்பனை மட்டை, மூங்கில், பிளாஸ்டிக் போத்தல் எல்லாம் வந்து சேரும். வலை இருந்தால் அத்தனையும் அங்கேயே அடைத்துக்கொள்ளும்.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் என்ற மண் அணை இருந்தது, ஏறக்குறைய 22 மீட்டர் உயரம். பணக்காரர்களின் மீன்பிடி, வேட்டைச் சங்கம் ஒன்று அதை வாங்கிப் பொழுதுபோக்கு ஏரியாக வைத்திருந்தது. மீன் தப்பாமல் இருக்கக் கலிங்கில் தடுப்பு வலை போட்டார்கள். குதிரை வண்டிகள் எதிரெதிரே போய்வர வேண்டும் என்று கரையின் உச்சியை வெட்டித் தாழ்த்தினார்கள். அடியில் தண்ணீரைத் திறந்துவிடும் குழாய்களை முந்தைய உரிமையாளரே கழற்றி விற்றிருந்தார், இவர்கள் அவற்றைத் திரும்பப் போடவில்லை. 1889 மே 31 அன்று பெருமழை. வலையில் குப்பை அடைத்து, தண்ணீர் தாழ்ந்த உச்சியில் ஏறியது. கீழே இருந்த ஜான்ஸ்டவுன் பக்கம் இறந்தவர்கள் 2,209 பேர். ஒரு வலையும், வண்டி போக ஒரு வசதியும்! நீங்கள் எழுதிக் கேட்டிருப்பதும் கிட்டத்தட்ட இவை இரண்டைத்தான், தம்பி. தயவுசெய்து கட்டாதீர்கள். சில தோம்பு மீன் ஓடிப்போனால் போகட்டும்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். உங்கள் ஊரிலிருந்து வடக்கே கோலகுபு பாருவுக்குப் பக்கத்தில் அம்பாங் பெச்சா இருக்கிறது. 1883 அக்டோபர் 29 அன்று கனமழையில் அங்கிருந்த அணை உடைந்து பழைய கோலகுபு நகரத்துக்குள் பாய்ந்தது. மாஜிஸ்திரேட் ரேங்கிங் உட்படப் பலர் இறந்தார்கள். அவர் வெள்ளை முதலையைச் சுட்டதால்தான் அணை உடைந்தது என்று எங்கள் பாட்டிமார் சொல்வார்கள். மழையும் பராமரிப்பும்தான் நான் நம்புகிற காரணம்.

கரை மேல் கார் வேண்டாம், மோட்டார் சைக்கிளும் வேண்டாம். சக்கரத் தடம் பதிந்த இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கும், உச்சி அங்கே தாழும். தாழ்ந்த இடம்தான் முதலில் உடையும். மேட்டு நிலத்தில், செம்பனை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வரச் சொல்லுங்கள். முகாம் போடுகிறவர்களைக் கரைக்குக் கீழே கூடாரம் அடிக்க விடாதீர்கள். 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் மண் சரிந்து முகாமில் தூங்கிய 31 பேரை நாம் இழந்தது உங்கள் ஊரில்தான். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

படகு விடுகிற அன்று எல்லோருக்கும் மிதவைச் சட்டை, நீச்சல் தெரிந்தவருக்கும். கலிங்கு, அடியில் தண்ணீரைத் திறந்துவிடும் மதகு இரண்டின் பக்கமும் படகு போகாதபடி கயிற்றில் மிதவை கட்டி எல்லை வையுங்கள். இடி கேட்டதும் எல்லோரும் கரையேற வேண்டும். மின்சாரம் பாயக்கூடிய கார்பன் தூண்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு மழை விடட்டும் என்று நிற்கிறவர்களைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

இதற்கெல்லாம் முன்னால், குளம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து, அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கைமாறிய தோட்டங்களில் புது நிர்வாகத்துக்கு இப்படி ஒரு கரை இருப்பதே தெரியாமல் இருக்கும். மாவட்ட ஜேபிஎஸ் (நீர்ப்பாசன வடிகால் இலாகா) அலுவலகத்துக்கும், சிலாங்கூர் என்பதால் மாநில நீர் நிர்வாக வாரியமான லுவாஸுக்கும் கடிதம் கொடுத்து, ஒரு பொறியாளர் வந்து பார்க்க ஏற்பாடு கேளுங்கள். உலகக் கணக்கில் பெரிய அணை என்றால் 15 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். 5 மீட்டருக்கு மேல் இருந்து 30 லட்சம் கன மீட்டருக்கு மேல் தேக்கினாலும் சேரும். உங்கள் குளம் அந்தக் கணக்கில் வராது, அதனால் யாரும் தானாக வந்து பார்ப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். சின்னது என்று அசட்டையாக இருக்கவும் முடியாது. ஒரு ஹெக்டர் குளத்தில் சராசரி 2 மீட்டர் ஆழம் என்றால் 20,000 டன் தண்ணீர். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பொழுதுபோக்கு ஏரியாக இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை 12 மீட்டர்தான். 1977 நவம்பர் 6, நடு இரவு தாண்டிய நேரத்தில் உடைந்தது. கீழே தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 39 பேர் இறந்தார்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு மேலேதான் குளத்துக் கரை. கரையின் அடியில் ஓர் இடம் வெயில் காலத்திலும் ஈரமாகவே இருக்கிறது. பயப்பட வேண்டுமா?
– ஒரு வாசகி, செரண்டா

பதில்: அம்மா, மண் கரையில் கொஞ்சம் கசிவு இருப்பது வழக்கம். தெளிந்த தண்ணீராக, ஒரே அளவில் கசிந்தால் கவனித்துக்கொண்டு வரலாம். ஈரத்தின் ஓரத்தில் குச்சி நட்டு வையுங்கள், அதைத் தாண்டிப் பரவுகிறதா என்று பார்க்கலாம். ஓடுகிற அளவுக்கு வந்தால் ஒரு வாளியை வைத்து, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று வாரம் ஒருமுறை காலண்டரில் குறித்து வையுங்கள். அதிகாரியிடம் காட்ட அதைவிட நல்ல சாட்சி இல்லை.

தண்ணீர் கலங்கி வந்தால் கதை வேறு. கரைக்குள்ளிருந்து மண்ணை எடுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். உள்ளே சந்து மாதிரி ஒரு வழி உண்டாகி, அது பின்னோக்கி அரித்துக்கொண்டே போகும். வெளியே பார்த்தால் மணல் கொப்பளித்து எறும்புப்புற்று போலக் குவிந்திருக்கும். அப்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போங்கள், 999க்கு அழைத்துச் சொல்லுங்கள், கீழே இருக்கிற வீடுகளுக்கும் ஆள் அனுப்புங்கள். கசிகிற வாயைச் சிமெண்டு, களிமண் வைத்து அடைக்க யாரையும் விடாதீர்கள். அடைத்தால் தண்ணீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். தண்ணீரை இறக்கலாம் என்று கரையை வெட்டவும் கூடாது. மதகு வேலை செய்தால் தெரிந்தவர்கள் அதைத் திறக்கட்டும்.

கேள்வி: கரையில் மரவள்ளி, வாழை போட்டிருக்கிறோம். அதனால் கரைக்கு நல்லதுதானே?
– பெயர் வேண்டாம், ரவாங்

பதில்: நல்லதில்லை. கிழங்கு பிடுங்கும்போது கரையைத்தான் தோண்டுகிறீர்கள். கட்டையாக வெட்டிய புல் மட்டும் போதும், கரையில் என்ன நடக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் பெரிய மரம் ஏற்கெனவே நின்றால் அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். வேர் உள்ளே மக்கிப்போனால் அந்த வழியே தண்ணீர் புகும். பொறியாளரைக் கேட்டுச் செய்யுங்கள். ஆடு மாடுகளை வேறு பக்கம் கட்டுங்கள்.

கேள்வி: பள்ளி விட்டதும் என் மகன்கள் தோட்டக் குளத்தில் குளிக்கப் போகிறார்கள். அடித்தாலும் கேட்பதில்லை.
– ஒரு தாய், களும்பாங்

பதில்: அடிக்காதீர்கள் அம்மா. அடித்தால் உங்களுக்குத் தெரியாமல் போவார்கள், அது இன்னும் மோசம். காரணத்தைச் சொல்லுங்கள். இந்தக் குளங்கள் ஓடையை மறித்துக் கட்டியவை. இடுப்பளவில் நடந்துகொண்டே போனால் பழைய ஓடைப் பள்ளம் வந்து சட்டென்று தலை மூழ்கும். அடியில் சேறு காலைப் பிடிக்கும். மதகு திறந்திருந்தால் அதன் வாய்ப்பக்கம் இழுவை இருக்கும், மேலே ஒன்றும் தெரியாது.

நண்பன் தத்தளித்தால் பின்னாலேயே குதிக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கம்பை நீட்டலாம், மூடி இறுக்கிய காலி எண்ணெய்த் தோம்பைக் கயிற்றில் கட்டி வீசலாம். கரையில் அப்படி ஒன்றை நிரந்தரமாகத் தொங்கவிடத் தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள். செலவு சில வெள்ளிதான்.

இன்னொன்று, எலிச் சிறுநீராலும் மண்ணில் இருக்கும் கிருமியாலும் வரும் காய்ச்சல். 2010ல் பகாங்கில் லுபுக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களிலேயே சிலர் தண்ணீரிலும் மண்ணிலும் இருந்த கிருமி தாக்கி இறந்தார்கள். காலில் புண்ணோடு யாரும் இறங்க வேண்டாம். குளத்தில் குளித்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் பனடோல் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். கிளினிக்கில் டாக்டர் கேட்காவிட்டாலும் குளத்தில் இறங்கியதை நீங்களே சொல்லிவிடுங்கள்.