புல்தரையில் தோண்ட எது சரி?

கேள்வி: பினாங்கில், ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன். புதிதாக ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கிறேன். சித்தப்பா தன் வீட்டுப் புல்தரையில் தேடிப் பார்க்கச் சரி சொல்லிவிட்டார். புல் கெடக்கூடாது என்பதுதான் நிபந்தனை. வீட்டில் இருக்கும் தோட்டக் கரண்டி போதுமா, ஷவல் (மண்வாரி) வாங்கணுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பூச்சட்டிக்கு மண் போடும் கரண்டி நம்மூர்க் களிமண்ணில் இரண்டு தடவை நெம்பினாலே கழுத்தில் மடங்கிவிடும். ஷவல் தேவைக்கு மேல் பெரிய குழி போடும். வேர் நிறைந்த தோட்டக்காட்டுக்கு அது நல்லது, புல்தரைக்கு இல்லை.

கைப்பிடியோடு ஒரே துண்டாகச் செய்த, குறுகலான எஃகுத் தோண்டுகத்தி வாங்குங்கள். அலகு 15 முதல் 18 செ.மீ. நீளம் இருந்தால் தாராளம். தொடக்கநிலை டிடெக்டர் காட்டும் காசுகள் பெரும்பாலும் அந்த ஆழத்துக்குள்தான் கிடக்கும். ஒரு பக்க விளிம்பு கட்டாயம் ரம்பப் பல்லாக இருக்கட்டும். இங்கே வீட்டு முற்றத்தில் வளரும் அகல இலைப் புல் தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விடும். மழுங்கிய விளிம்பால் குத்தினால் அது அறுபடாமல் பிய்ந்துகொண்டு வரும். பிய்ந்த இடம்தான் அப்புறம் மொட்டையாகத் தெரியும்.

வெட்டும் முறையும் முக்கியம். சிக்னல் வந்த இடத்தைச் சுற்றி மூன்று பக்கம் மட்டும் அறுங்கள், ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலத்துக்குள். கத்தி நேராக இறங்க வேண்டும். சாய்த்தால் வேர் அறுந்து, வெட்டிய புல் பத்தை காய்ந்துவிடும். நான்காவது பக்கத்தை விட்டுவிட்டு, புத்தக அட்டையைத் திறப்பதுபோல் புல்லைப் புரட்டுங்கள். முதலில் புரட்டிய பத்தையின் அடியைப் பாருங்கள், காசு அதிலேயே ஒட்டியிருக்கலாம். உதிரும் மண்ணைப் பழைய துண்டில் கொட்டினால் ஒரு பிடிகூட வீணாகாது. எல்லாவற்றையும் திருப்பிப் போட்டு, காலால் அழுத்தி, தண்ணீர் ஊற்றுங்கள். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் தொடவே வேண்டாம், புல் பிழைக்காது.

கையில் காசு மிச்சம் இருந்தால் விலை உயர்ந்த கத்திக்குப் போகாமல் பின்பாயிண்டர் என்ற சின்னக் கை டிடெக்டர் ஒன்று வாங்குங்கள். பொருள் குழியில் எந்த ஓரத்தில் இருக்கிறது என்று அது காட்டிவிடும். குழி பாதியாகச் சுருங்கும்.

சித்தப்பா வீட்டோடு நிற்காமல் பாடாங் கோத்தா பக்கம் கண் போகும், தெரியும்! அது ஜார்ஜ் டவுனில் இருக்கும் மாநகர் மன்றத் திடல். எழுத்தில் அனுமதி இல்லாமல் கத்தியை எடுக்காதீர்கள். 2008 முதல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரம் வேறு. எங்கே தோண்டினாலும் பழம்பொருள் மாதிரி ஏதாவது வந்தால், 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி மாவட்ட அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும். போகிற வழியில் கத்தியை இடுப்பில் தொங்கவிடாமல் உறையோடு பைக்குள் வையுங்கள். பார்ப்பவர்களுக்கு அது தோட்டக் கருவியாகத் தெரியாது.