ஒத்தடம் கொடுத்த சூடு ஆறுவதற்குள் காலை நீட்டுங்கள்

கேள்வி: குனிந்தால் கை தரையைத் தொடவில்லை, தொடையின் பின்பக்கம் இழுக்கிறது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு ஸ்ட்ரெச்சிங் செய்தால் பலன் உண்டா?

உண்டு. ஆனால் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விடக் கூடாது. நான் மாதக்கணக்கில் கோட்டை விட்டது அந்த இடத்தில்தான்.

நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை எனக்கு. ராத்திரி ஒத்தடம் கொடுத்துவிட்டு எழுந்து சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, அப்புறம்தான் காலை நீட்டுவேன். அதற்குள் சூடு போயிருக்கும். தசையைச் சுற்றியும் ஊடேயும் இருக்கும் கொலாஜன் இழைகள் சூடாக இருக்கும்போது நெகிழ்ந்து கொடுக்கும், ஆறினால் பழையபடி விறைத்துக்கொள்ளும். இதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு பிசியோதெரபிஸ்ட்.

இப்போது தரையில் பாயை விரித்து, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு நீளத் துண்டை வைத்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். குப்புறப் படுத்து, துணி சுற்றிய வெந்நீர்ப் பையைத் தொடைமேல் 15 நிமிடம் வைப்பேன். பையை எடுத்ததும் அப்படியே மல்லாந்து, துண்டைப் பாதத்தில் மாட்டி, காலை மெல்ல மேலே தூக்குவேன். முட்டி லேசாக மடங்கினால் பரவாயில்லை. இழுப்பது தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. 30 விநாடி அப்படியே நிறுத்தி, மூச்சை இயல்பாக விட்டு, காலுக்கு மூன்று தடவை. வெடுக்கென்று இழுத்தால் தசை இன்னும் இறுகும். கணுக்காலோடு நின்றுபோன என் விரல்கள் இரண்டு மாதத்தில் தரையைத் தொட்டன.

ஒன்று சொல்லியாக வேண்டும். வெளியிலிருந்து கொடுக்கும் சூடு ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே போகாது. தொடைத் தசையோ தடிமனானது. அதனால் முடிகிற நாளில் பத்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு வந்து நீட்டுகிறேன், அந்தச் சூடு உள்ளிருந்தே வருகிறது. நேரமில்லையா, ஒத்தடத்தை விடுங்கள், ஸ்ட்ரெச்சிங்கை விடாதீர்கள். நாள்பட்ட பலன் அதில்தான்.

சுளுக்கு விழுந்து வீங்கியிருந்தால் முதல் இரண்டு நாள் சூடு வேண்டாம். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு நான் வெந்நீர்ப் பையைச் சொல்லவே மாட்டேன், தோல் வெந்துபோவதுகூட அவர்களுக்குத் தெரியாது. பையின்மேல் உடல் பாரத்தைப் போட்டுப் படுப்பதும், அப்படியே தூங்கிவிடுவதும் யாருக்குமே ஆபத்துதான்.

உங்களுக்கு அந்த இழுப்பு இடுப்பிலிருந்து பாதம் வரை ஓடுகிறதா? கூடவே சுரீர் என்றோ மதமதப்பாகவோ இருக்கிறதா? அப்படியென்றால் அது நரம்புச் சிக்கலாக இருக்கலாம். துண்டைப் போட்டு இழுக்காமல் முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.